துன்புறும் உலகுக்காகக் கூடிச் செபித்தல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர், பசி, இடப்பெயர்வு, இயற்கை அனர்த்தம் ஆகியவற்றால் துன்புறுவோருக்காகத் திருகோணமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள கிறிஸ்தவர்கள் கூட்டாக மன்றாடும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் ஏனைய சபையினரும் இதனை வாசிப்பார்கள் என்பதால், ஒரு சபைக்கே உரிய சொல் வரும் இடங்களில் மற்றவர்கள் தங்கள் வழக்கைப் பொருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இது எந்த வகைச் செபம்? புதிதாக வந்த வழக்கமா?

பிறருக்காகக் கடவுளிடம் பரிந்து பேசும் மன்றாட்டு இது. கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரைக்கும் விசுவாச அறிக்கைக்கும் பின்னர் வரும் விசுவாசிகள் மன்றாட்டாகவும், ஏனைய சபைகளின் ஞாயிறு ஆராதனையில் வரும் பொதுவான வேண்டுதலாகவும் இதனைப் பலரும் அறிவர். இதற்கென்றே தனியாக மாலை வேளையில் கூடுவோரும் உண்டு.

வழக்கம் மிகப் பழையது. ஏறக்குறைய கி.பி. 155 ஆம் ஆண்டளவில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறன்று கூடிய கிறிஸ்தவர்கள் வாசகங்களையும் போதனையையும் கேட்டபின் எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து மன்றாடினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். அப்படி மன்றாடியவர்கள் அரசின் சந்தேகத்துக்கும் தண்டனைக்கும் ஆளாகியிருந்த சிறுபான்மையினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எல்லா மனிதருக்காகவும், ஆட்சியில் இருப்போருக்காகவும் மன்றாடுமாறு திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் கேட்பதை அவர்கள் அத்தகைய நிலையிலும் கடைப்பிடித்தார்கள். பிற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டில் இந்த மன்றாட்டு மெல்ல மறைந்து, பெரிய வெள்ளியன்று மட்டுமே முழு வடிவில் எஞ்சியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடுதான் அதனை ஞாயிறு திருப்பலிக்கு மீட்டுத் தந்தது.

நாம் கேட்குமுன்பே கடவுளுக்கு எல்லாம் தெரியும் அல்லவா? பிறகு ஏன் ஊர் பெயர் சொல்லி வேண்ட வேண்டும்?

தெரியும். நம் தேவையை நாம் கேட்குமுன்பே தந்தை அறிந்திருக்கிறார் என்று மலைப்பொழிவில் சொன்ன இயேசு, அடுத்த மூச்சிலேயே செபிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆகவே கடவுளுக்குத் தகவல் கொடுப்பது செபத்தின் வேலை அன்று. தகவல் தேவைப்படுவது நமக்குத்தான். கைத்தொலைபேசியில் கண்டும் காணாமலும் தள்ளிவிட்டுப் போன ஒரு செய்தி, ஆலயத்தில் கடவுளின் முன்னிலையில் நிதானமாக உச்சரிக்கப்படும்போது, அதனைத் தள்ளிவிட்டுப் போக நமக்கு மனம் வருவதில்லை. மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், மக்கள் திரளைக் கண்ட இயேசு அவர்கள் மீது மனதுருகினார் என்று வாசிக்கிறோம். முதலில் அவர் கண்டார், அதன் பின்னரே உருகினார். நாமும் காண வேண்டும் என்பதற்காகவே ஊரின் பெயரையும் துன்பத்தின் தன்மையையும் சொல்லி மன்றாடுகிறோம். துன்புறுவோருக்கு ஆறுதல் கேட்கும் அதே செபத்தில், நமக்கு இரக்கமுள்ள இதயத்தையும் கேட்கிறோம்.

எங்கள் ஊரிலேயே இவ்வளவு துன்பம் இருக்கிறது. காசாவுக்கும் சூடானுக்கும் உக்ரேனுக்கும் ஏன் மன்றாட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கல்நெஞ்சர்கள் அல்லர். தாங்களே பலமுறை இழந்தவர்களாகவும், தங்கள் இழப்பை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் உள்ளவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்துக்கு முதலில் செவிகொடுக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் நாம் பெற்றுக்கொண்டதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான அன்று காலையில், மக்கள் ஆலயங்களிலும் வீடுகளிலும் சந்தைகளிலும் இருந்த வேளையில் கடல் ஆழிப்பேரலையாகக் கரையேறியது. இலங்கை முழுவதிலும் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்ற பெயர்களை அதற்கு முன் ஒருபோதும் கேட்டிராதவர்கள், அந்தப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாதவர்கள், உலகின் மறுகோடியில் இருந்த தங்கள் ஆலயங்களில் நமக்காக மன்றாடினார்கள், காணிக்கை சேர்த்தார்கள், சிலர் நேரில் வந்து நம்மோடு நின்றார்கள். அதற்கு முன்னர், 1990 இல் போரினால் வீட்டையும் காணியையும் விட்டு, மன்னார்க் கரையிலிருந்து படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இறங்கிய குடும்பங்கள் நம் பங்குகளில் இன்றும் இருக்கின்றன. உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோரின் தொகை 2024 ஆம் ஆண்டின் இறுதியில் 12 கோடியைக் கடந்திருந்தது என ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் மதிப்பிட்டது. அந்தத் தொகைக்குள் இருக்கும் ஒரு தாயின் நிலையை விளங்கிக்கொள்ள, நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நின்றவரும் கூடாரத்துக்குள் மழைநீர் புகுந்த இரவைக் கழித்தவரும் புத்தகம் எதையும் வாசிக்க வேண்டியதில்லை. தொலைவில் இருப்போருக்காக மன்றாடத் திருகோணமலைக்கு இருக்கும் தகுதி அதுவே.

உள்ளூர்த் துன்பம் விடுபட்டுப் போகும் என்ற அச்சமும் தேவையற்றது. திருச்சபையின் தேவைகள், ஆட்சியாளரும் உலகின் மீட்பும், பல்வேறு துன்பங்களால் நெருக்கப்படுவோர், கூடியிருக்கும் சமூகம் என்ற வரிசையைக் கத்தோலிக்கத் திருப்பலிக்கான பொது நெறிமுறை காட்டுகிறது. உள்ளூர் இறுதியில் வந்தாலும் அதற்கென ஓர் இடம் எப்போதும் இருக்கிறது.

எங்களுக்குத் தீங்கு செய்தவர்களுக்காகவும் மன்றாட வேண்டுமா?

பகைவருக்காகச் செபிக்குமாறு இயேசு கேட்டிருப்பதால், இதற்கு வேண்டாம் என்று விடை சொல்ல எந்தக் கிறிஸ்தவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எப்போது, எப்படி, யார் வாயால் என்பதில் மிகுந்த கவனம் தேவை.

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரப் பேராலயம் 1940 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் இரவு நடந்த குண்டுவீச்சில் எரிந்தது. இடிந்த பலிபீடத்தின் பின்சுவரில் தந்தையே மன்னியும் என்ற வேண்டுதல் பொறிக்கப்பட்டது. அதனையே மறுமொழியாகக் கொண்டு 1958 இல் எழுதப்பட்ட ஒப்புரவு மன்றாட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நண்பகலில் அங்கு செபிக்கப்பட்டு வருகிறது. இனங்களையும் வகுப்புகளையும் பிரிக்கும் வெறுப்பு, பிறர் உழைப்பைச் சுரண்டும் பேராசை, அகதிகளின் துயர் மீதான அலட்சியம் என, குண்டு வீசியவரும் வீச்சுக்கு உள்ளானவரும் ஒருசேரத் தலைகுனிய வேண்டிய பாவங்களை அது வரிசையாகச் சொல்கிறது. பகைவரைச் சுட்டி விரல் நீட்டாமலும், நடந்த கொடுமையை மறைக்காமலும் மன்றாட முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியாது.

மன்னிப்பை மற்றவர் மீது சுமத்துவது வேறு விடயம். பிள்ளையைத் தேடி ஆண்டுக்கணக்கில் வீதியில் அமர்ந்திருக்கும் ஒரு தாயை முன்வரிசையில் இருத்திவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்தவர் அவர் சார்பில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாக அறிவிப்பது அவருக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவர்களுக்குக் கற்பித்து, கூடைப்பந்தும் பயிற்றுவித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில், உடன் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். காணாமல் ஆக்கப்பட்டோருக்காக மன்றாடும்போது, ஒரு குருவையும் இப்படி இழந்த திருச்சபையாகவே நாம் மன்றாடுகிறோம். உண்மை வெளிப்பட வேண்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று அந்தச் செபத்தில் கேட்பது அரசியல் என்று சிலர் தயங்குகிறார்கள். எளியவரின் வழக்கைக் கேட்டு நீதி வழங்குமாறு கடவுளிடம் முறையிடும் திருப்பாடல்கள் எத்தனையோ இருக்க, அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை.

மன்றாட்டை எழுதுவது எப்படி?

முன்கூட்டியே எழுத வேண்டும் என்பதே முதல் விடை. வழிபாடு தொடங்குவதற்குச் சற்று முன்னர் யாராவது ஓர் இளையவரைக் கூப்பிட்டு அச்சிட்ட தாளைக் கையில் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இதனைக் கைவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசிப்பவருக்கே மனதில் பதியாத வேண்டுதல் கேட்பவரைச் சென்றடைவது அரிது.

உலகில் துன்புறும் அனைவருக்காகவும் என்று தொடங்கி முடியும் மன்றாட்டில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது யாரையும் கண்முன் கொண்டுவருவதில்லை. அதற்குப் பதிலாக, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்துக்குப் பின்னர் மன்றாட்டு ஒன்றைப் பின்வருமாறு அமைத்திருக்கலாம்:

“வெள்ளத்தில் வயலை இழந்து, மீண்டும் விதைப்பதற்கு விதைநெல்லும் இன்றிக் கடனோடு நிற்கும் மூதூர், வெருகல் விவசாயிகளுக்காக மன்றாடுவோம். ஆண்டவரே, உதவி உரிய நேரத்தில் உரியவர் கைக்குச் சேரவும், எங்களிடம் இருப்பதைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் அவர்களோடு பகிரும் மனத்தை நாங்கள் அடையவும் அருள்புரியும்.”

தொலைவில் உள்ளோருக்கும் இவ்வாறே எழுதலாம்:

“2023 ஏப்ரலில் தொடங்கிய போரினால் வீடிழந்து, பிள்ளைகளோடு எல்லை கடந்து நடக்கும் சூடான் நாட்டுத் தாய்மாருக்காக மன்றாடுவோம். ஆண்டவரே, அவர்கள் செல்லும் வழியில் நீரும் உணவும் அடைக்கலமும் கிடைக்கச் செய்யும். அவர்களை மறந்துவிட்ட உலகின் மனச்சாட்சியையும், எங்கள் மனச்சாட்சியையும் தட்டியெழுப்பும்.”

இரண்டிலும் யார் துன்புறுகிறார், என்ன துன்பம், நாம் எதைக் கேட்கிறோம், நம்மிடம் என்ன மாற்றத்தை வேண்டுகிறோம் என்பவை சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இதற்கு மேல் நீட்டினால், செபம் செய்தியறிக்கையாகவோ, சபையோருக்கான இரண்டாவது பிரசங்கமாகவோ மாறிவிடும். எந்த நாடு எந்த உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும் என்று கடவுளுக்கு விளக்கவும் தேவையில்லை. எண்களைச் சொல்வதானால் உறுதிப்படுத்தப்பட்டதை மட்டும் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே மன்றாட்டில் சேர்த்து, மறுநாள் அது பொய்யென்று தெரியவந்தால், அடுத்த முறை சபையார் நம்பிக்கையோடு ஆமென் சொல்லத் தயங்குவார்கள்.

எழுதியவர் அதனை ஒருமுறையாவது உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடிக்க இயலாத வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடலாம்.

எத்தனை மன்றாட்டுகள் போதும்?

ஞாயிறு வழிபாட்டில் ஐந்து அல்லது ஆறு போதுமானவை. தனியாகக் கூடும் மாலையில் கூடுதலாக இருக்கலாம்.

ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பின்னர் ஏன் மௌனம்?

பெரிய வெள்ளியின் பத்து மன்றாட்டுகளைக் கவனித்தால் இதன் பயன் விளங்கும். முதலில் கருத்து அறிவிக்கப்படுகிறது, பிறகு எல்லோரும் மௌனமாகச் செபிக்கிறார்கள், அதன் பின்னரே குருவானவர் அந்தச் செபங்களை ஒன்றுசேர்த்து ஒரே மன்றாட்டாகக் கடவுளிடம் ஒப்படைக்கிறார். அந்த மௌனத்தில்தான் சபையார் அனைவரும் செபிக்கிறார்கள். மௌனத்தை எடுத்துவிட்டால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கும் நிகழ்வுதான் மிஞ்சும். இசைக்கருவி வாசிப்பவரிடம் அந்த நேரத்தை நிரப்ப வேண்டாம் என்று முன்னரே அன்பாகச் சொல்லிவைப்பது நல்லது.

கடவுளிடம் கோபமாகவும் முறையிட்டும் செபிக்கலாமா?

செபிக்கலாம். திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளாகவே இருக்கின்றன. எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று 13 ஆம் திருப்பாடல் கேட்கிறது. 88 ஆம் திருப்பாடல் இறுதியில் நம்பிக்கை தரும் ஒரு வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதனைத் திருத்தி ஒரு புகழ்ச்சி வரியைச் சேர்க்க வேண்டும் என்று இறைமக்கள் எண்ணவில்லை. எருசலேமின் அழிவைக் கண்டு எழுந்த புலம்பல் நூலும் திருமறையின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டது.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் சிறு பிள்ளைகள். அத்தகைய நாளில் எல்லாம் நன்மைக்கே என்று தொடங்கும் செபம், துயருற்றோரின் வாயை அடைப்பதாகவே அமையும். அழுவோரை அழ விடுவதும், அவர்களோடு சேர்ந்து கடவுளிடம் ஏன் என்று கேட்பதும் விசுவாசக் குறைவு அல்ல. கடவுள் கேட்கிறார் என்று நம்புகிறவரால் மட்டுமே அவரிடம் முறையிட முடியும்.

துன்புறுவோரின் பெயரைச் சொல்லலாமா?

அவர்களுடைய அல்லது குடும்பத்தாரின் சம்மதத்தோடு சொல்லலாம். நோயின் விபரம், குடும்பத் தகராறு, கடன் போன்றவற்றைச் சபை நடுவே விரித்துரைத்தால், செபம் என்ற பெயரில் ஊர்ப்பேச்சுக்கு வழி திறந்துவிடுவோம். ஆலய வாசலருகே ஒரு சீ.ஆர். கொப்பியும் நூலில் கட்டிய பேனையும் வைத்தால் போதும். விரும்பியவர்கள் தாங்களே எழுதுவார்கள். அத்தகைய கொப்பி ஒன்றின் பக்கங்களில், பரீட்சை எழுதும் மகனுக்காக என்ற வரிக்கு அடுத்த வரியில், கட்டாரில் வேலையிழந்த கணவருக்காக என்றும், அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், பெயர் எதுவும் இன்றி, எனக்காக என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடைசி வேண்டுதலை அது எழுதப்பட்டவாறே வாசியுங்கள்.

செபம் மட்டும் போதுமா?

போதாது. ஆடையும் அன்றாட உணவும் இல்லாத ஒருவரிடம் சமாதானமாய்ப் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என யாக்கோபு கேட்கிறார். மக்கள் திரளைக் கண்டு மனதுருகிய இயேசு, அறுவடைக்கு ஆட்களை அனுப்புமாறு மன்றாடுங்கள் என்று சீடரிடம் சொன்னார். அடுத்த அதிகாரத்தில் அவர் அனுப்பியது அதே சீடர்களைத்தான். மன்றாடுகிறவர் அனுப்பப்படவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எனினும், செபத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்ற முடிவும் சரியானது அன்று. அன்றைய கிழக்கு ஜெர்மனியில், லைப்சிக் நகரின் புனித நிக்கோலா ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானத்துக்காக ஒரு சிறு கூட்டம் செபித்து வந்தது. 1989 ஆம் ஆண்டு ஒக்டோபர் 9 ஆம் நாள் அந்தச் செபத்தைத் தொடர்ந்து ஏறக்குறைய 70,000 பேர் வீதியில் அமைதியாக நடந்தார்கள், ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. வன்முறையின்றி நடக்கும் மனவலிமை அத்தனை ஆண்டுச் செபத்தில் ஊறியது என்றே நான் கருதுகிறேன்.

நம் அளவில், மன்றாடிய காரியத்துக்கென்று ஒரு காணிக்கையைச் சேர்த்து கத்தோலிக்கத் திருச்சபையின் எகெட் கரித்தாஸ் போன்ற உதவி அமைப்பின் வழியாகவோ, சபையின் சமூகப் பணிக்குழு வழியாகவோ அனுப்பலாம். பணம் இல்லாதவர் வைத்தியசாலையில் தனியே கிடப்பவரைப் போய்ப் பார்க்கலாம்.

துயரச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துவிட்டது. இனியும் இரக்கம் வருமா?

இதற்காகத் தன்னைக் குற்றவாளியாக எண்ண வேண்டாம். நீண்ட போரைக் கடந்து வந்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக நேர்வதில் வியப்பில்லை. கூட்டுச் செபத்தின் பெரிய ஆறுதல் இங்கேதான் இருக்கிறது: உங்களால் செபிக்க முடியாத நாளில் பக்கத்தில் இருப்பவர் செபிக்கிறார், கரைவலை இழுக்கும்போது ஒருவர் கை ஓய்ந்தாலும் மற்றவர்கள் வலையை விட்டுவிடாததைப் போல. எதைக் கேட்பது என்று நாம் அறியாத வேளையில் தூய ஆவியார் சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் சொல்வதும் இத்தகையோருக்காகவே. வந்து அமர்ந்திருங்கள், அது போதும். ஒரு கூட்டத்துக்கு ஒரு துன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமை ஓரளவு குறையும்.

எத்தனை முறை மன்றாடியும் போர்கள் நிற்கவில்லையே?

நிற்கவில்லை. இதற்கு எளிய விடை எதுவும் என்னிடம் இல்லை, இருப்பதாகச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. கெத்சமனியில் இயேசு வேண்டிக்கொண்ட பாத்திரமும் அவரை விட்டு அகலவில்லை. அவரோடு விழித்திருந்து செபிக்குமாறு அழைக்கப்பட்ட சீடர்களோ தூங்கிவிட்டார்கள். துன்புறுவோர் அருகே விழித்திருப்பதே நம்மிடம் கேட்கப்படுகிறது.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடூரமான படங்களைக் காட்டாமல், இடம்பெயர்ந்த தங்கள் வயதுப் பிள்ளைக்காக ஒரு வரி எழுதச் சொன்னால், மறைக்கல்வி வகுப்பிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் அவர்கள் பெரியவர்களைவிடத் தெளிவாக எழுதுவார்கள்.

மற்றச் சபையினரும் வேற்று மதத்தவரும் கலந்துகொள்ளலாமா?

சபைகள் சேர்ந்து மன்றாடுவதற்கு ஏற்கனவே நாட்கள் உண்டு. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரமும், மார்ச் மாத முதல் வெள்ளியன்று பெண்கள் முன்னின்று நடத்தும் உலக செப தினமும் வருகின்றன. பிந்தியதில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் தங்கள் மண்ணின் துயரங்களை வழிபாடாக எழுதித் தர, ஏனைய நாடுகள் அதனையே செபிக்கின்றன. துன்புறுவோரின் சொற்களிலேயே அவர்களுக்காக மன்றாடுவது எத்துணை நல்ல வழக்கம்.

இந்துக்களும் இஸ்லாமியரும் பௌத்தரும் நம் அயலவர்கள். அனர்த்தங்கள் அவர்களையும் நம்மையும் பிரித்துப் பார்த்ததில்லை. அவர்கள் வந்து மௌனமாக உடனிருக்க விரும்பினால் அன்போடு வரவேற்று இருக்கை கொடுங்கள், நம் செபத்தைச் சொல்லுமாறு வற்புறுத்த வேண்டாம். அவர்களுடைய துயரங்களுக்காகவும் நாம் மன்றாடுகிறோமா என்பதை அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது அவசியம். ஓராண்டு மன்றாட்டுத் தாள்களை எடுத்து வாசித்து, அவற்றில் நம் இனத்தவர், நம் மதத்தவர் மட்டுமே இடம்பெற்றிருந்தால், நல்ல சமாரியர் உவமையைக் குழுவாக அமர்ந்து மீண்டும் வாசிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சிங்களம் பேசுவோரும் வரும் ஆலயங்களில் என்ன செய்வது?

மன்றாட்டுகளை இரு மொழிகளுக்கும் பங்கிட்டு, மறுமொழியை இரு மொழிகளிலும் சொல்லலாம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்து இரட்டிப்பாக்கினால் நேரம் நீண்டுவிடும், மௌனத்துக்கு இடமிராது.

குருவானவரோ போதகரோ இல்லாத சிறிய இடத்தில் எவ்வாறு தொடங்குவது?

நான்கைந்து பேர் இருந்தாலே தொடங்கலாம். இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். ஒரு வீட்டு விறாந்தையில், அயல் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம் நடக்கும் மாலையிலேயே இதற்கும் நேரம் ஒதுக்கலாம். ஒருவர் நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கட்டும், மற்றொருவர் அந்த வாரம் தான் அறிந்த ஒரு துன்பத்தைச் சுருக்கமாகச் சொல்லட்டும். சற்று மௌனமாக இருந்து, விரும்பியவர்கள் ஒவ்வொரு வரியாக மன்றாடி, ஆண்டவர் கற்பித்த செபத்தோடு நிறைவு செய்யலாம். கலையுமுன் அந்த வாரம் யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதைப் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் அதற்குப் பிறகு பரிமாறப்படட்டும்.